சீரான வட்ட இயக்கத்தில் வேகம் மாறுமா, மாறாதா?

மழைக்குருவி | ஞாயிறு, இரவு 8:12

எல்லாருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். போன வாரம் வகுப்புத் தேர்வுல ஒரு மார்க் கேள்வி: "சீரான வட்ட இயக்கத்தில் மாறாமல் இருப்பது எது?" வேகம், திசைவேகம், முடுக்கம், விசைன்னு நாலு விடை. நான் 'வேகம்' எழுதல. ஏன்னா முந்தின நாள் ராத்திரிதான் ஒரு தமிழ்ப் பாட வீடியோ பார்த்தேன். அதுல ஒரு சார், "வட்டப் பாதையில் செல்லும் பொருளின் வேகம் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும்"னு பலகையில எழுதியே காட்டினார். அதனால வேகத்தை அடிச்சுட்டு முடுக்கம்னு எழுதினேன். தப்பு. புத்தகத்துல வேகம் மாறாதுன்னு இருக்கு. எதை நம்பறது?

இன்னொண்ணும் ரொம்ப நாளா உறுத்துது. கொல்லிமலைக்குப் பஸ்ல போனோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுல ஸ்பீடோமீட்டர் முள் 15லயே நின்னுச்சு, அசையல. ஆனா நான் ஜன்னல் பக்கம் சாஞ்சேன், மடியில இருந்த பையும் நகர்ந்துச்சு. முள்ளே அசையாதப்போ முடுக்கம் எங்கிருந்து வருது? முடுக்கம்னா வேகம் கூடறதுதானே?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8:40

வீடியோ தப்பு. புத்தகம் சரி. சீரான வட்ட இயக்கம்னாலே வேகம் மாறாத வட்ட இயக்கம்தான். 'சீரான'ங்கிற வார்த்தையே அதுக்குத்தான் இருக்கு. மாறுறது திசைவேகம், அதாவது திசையையும் சேர்த்துச் சொல்ற வேகம். யாரு எதைப் போட்டாலும் பார்த்துப் படிச்சா இப்படித்தான் ஆகும்.

சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9:25

முப்பது வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். வீடியோவை நான் பார்க்கவில்லை, அதைப் பிறகு பார்ப்போம். உன் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது அம்மா, அதிலிருந்து தொடங்குகிறேன்.

வீட்டுச் சுவரில் கடிகாரம் இருக்கிறதா? டிக் டிக் என்று நின்று நின்று போகாமல் வழுக்கிக்கொண்டே போகும் நொடி முள்ளாக இருந்தால் நல்லது. முள்ளின் நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள். அதன் நுனியில் ஒரு எறும்பு உட்கார்ந்திருக்கிறது. எறும்பின் வேகம் எப்போதும் ஒன்றுதான், வினாடிக்கு 1.57 செ.மீ. உன் பஸ்ஸின் முள் போலவே அந்த எண்ணும் மாறுவதில்லை.

இப்போது திசையைக் கவனி. முள் 12ஐத் தொடும்போது எறும்பு வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 3ஐத் தொடும்போது நேர் கீழே. 6ல் இடப்பக்கம். 9ல் நேர் மேலே. 12ல் வலப்பக்கம் போனதை 3க்குள் கீழ்நோக்கித் திருப்ப என்ன செய்திருக்க வேண்டும்? வலப்பக்க ஓட்டத்தை முழுவதுமாக அழித்திருக்க வேண்டும், கீழ்நோக்கிய ஓட்டத்தைப் புதிதாகக் கொடுத்திருக்க வேண்டும். அதாவது இடப்பக்கமாக ஒரு இழுப்பு, கீழ்ப்பக்கமாக ஒரு இழுப்பு. இரண்டையும் சேர்த்தால் இடக்கீழ்ச் சாய்வாக ஒரு அம்பு வரும். காகிதத்தில் வரைந்து, அந்த அம்பைப் பாதித் தூரத்தில், அதாவது 1க்கும் 2க்கும் நடுவில் வைத்துப் பார். அது சரியாகக் கடிகாரத்தின் மையத்தைக் காட்டும். நான் சொல்வதை ஏற்க வேண்டாம், வரைந்து பார்.

முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். திசைவேகம் ஒரு அம்பு. அம்பின் நீளம் மாறினாலும் அது மாற்றம்தான், நீளம் மாறாமல் அம்பு திரும்பினாலும் மாற்றம்தான். ஸ்பீடோமீட்டர் நீளத்தை மட்டும் காட்டும். திரும்புவதை அதனால் காட்ட முடியாது. அதை உன் தோள் காட்டியது.

தேர்வில் நீ எழுதிய 'முடுக்கம்' ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. முடுக்கத்தின் அளவு மாறாது, ஆனால் அது எப்போதும் மையத்தையே பார்ப்பதால் அதன் திசை மாறிக்கொண்டே இருக்கும். விசைக்கும் அதேதான்.

வடமராட்சியான் | திங்கள், காலை 6:55

தங்கச்சி, அந்த வீடியோவில பிழை ஒண்டும் இல்லை. அது எங்கட பக்கத்துப் பாடமாத்தான் இருக்க வேணும். இலங்கைப் பாடப்புத்தகத்தில நீங்கள் 'வேகம்' எண்டு சொல்லுறதுக்குப் பேர் கதி. நீங்கள் 'திசைவேகம்' எண்டு சொல்லுறதுக்குப் பேர் வேகம். உங்கட முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். அந்த சேர் சொன்னதை உங்கட பாசையில மாத்தினால், "வேகம் மாறாது, திசைவேகம் மாறும்" எண்டுதான் வரும். அதே விசயம்தான்.

வீடியோவைத் திரும்ப ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. 'செக்கன்', 'ஆரை', 'காவி' எண்டு கதைச்சால் சந்தேகமே இல்லை. செக்கன் உங்கட வினாடி, ஆரை உங்கட ஆரம், காவி உங்கட வெக்டர், அளவோட திசையும் உள்ளது. இதைவிட மோசமா இடறுற சொல் ஒண்டு இருக்கு: நிறை. உங்களுக்கு நிறை எண்டால் கிலோகிராமில அளக்கிறது. எங்களுக்கு அது திணிவு. எங்கட நிறை உங்கட எடை, அதை நியூட்டனில அளப்பம். எங்கட வீடியோ பார்த்துக் கணக்குச் செய்யேக்க அதில கவனமா இருங்கோ, புவியீர்ப்பு ஆர்முடுகலான 9.8 ஆல பெருக்கிறதா விடுறதா எண்டு பிழைச்சுப் போகும்.

சோதனையில உங்கட புத்தகச் சொல்லையே எழுதுங்கோ. ஆனா அந்த சேரைப் பிழையெண்டு நினைச்சுப் போடாதேங்கோ.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 7:30

வடமராட்சியான் அண்ணன் சொன்னது சரி. வீடியோவைப் பார்க்காமலே தப்புன்னு நான் எழுதினது தப்பு. மேலே எழுதினதைத் திரும்ப எடுத்துக்கறேன்.

'கதி'ன்னா எங்க பக்கம் இப்போ தலைவிதி, நிலைமைன்னுதான் காதுல விழுது. ஆனா குதிரைக்கு ஐந்து கதின்னு பழைய நூல்கள்ல வர்றது ஓட்ட நடையைத்தான். 'ஸ்பீடு'க்கு அது நல்ல பழந்தமிழ்ச் சொல். எங்க 'திசைவேகம்' சொல்லிலேயே திசையை வச்சிருக்கு, அது அதோட பலம். ரெண்டுமே யோசிச்சு வச்ச பேருங்கதான்.

மழைக்குருவி | திங்கள், மாலை 5:10

அண்ணா, திரும்பக் கேட்டேன். செக்கன்னுதான் சொல்றார்! ஆர்முடுகல்னும் சொல்றார், அதை நான் கவனிக்காமலே விட்டிருக்கேன். ரொம்ப நன்றி.

சாக்பீஸ் சார், அம்பு வரைஞ்சேன். மையத்தைத்தான் காட்டுது. 6ல இருந்து 9க்கும் வரைஞ்சேன், அதுவும் மையத்தைத்தான் காட்டுது. இப்போ வேற சந்தேகம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்கணும்னு சூத்திரம் இருக்கு. வர்க்கம் எங்கிருந்து வருது? புத்தகத்துல முக்கோணம் போட்டு, 'கோணம் மிகச் சிறியது எனில்'னு ஆரம்பிச்சு என்னென்னவோ பண்றாங்க. எனக்குப் பிடிபடல.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 9:05

இதுக்கு முக்கோணமே வேண்டாம். நான் படிச்சப்போ எனக்கும் ஏறல. பின்னாடி இந்த வழியைப் பார்த்ததும் ஒரு சாயங்காலத்துல பிடிபட்டுது. சார் சொன்ன கடிகாரத்தையே எடுத்துக்கறேன்.

மையத்துல இருந்து முள்ளோட நுனிக்கு ஒரு அம்பு போடு. இது எறும்பு எங்கே இருக்குன்னு காட்டற அம்பு. நீளம் 15 செ.மீ., 60 வினாடிக்கு ஒரு சுற்று. இந்த அம்போட நுனி ஒரு சுற்றுல எவ்வளவு தூரம் போகும்? 6.28 × 15 = 94.2 செ.மீ. 60 ஆல வகுத்தா 1.57. இருப்பிட அம்போட நுனி ஓடற வேகம்தான் எறும்போட வேகம். இதுல யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போ எறும்போட திசைவேக அம்புகளை வட்டத்துல இருந்து ஒவ்வொண்ணாப் பிடுங்கி, எல்லாத்தோட வாலையும் ஒரே புள்ளியில நடு. 12ல வலப்பக்கம் பார்க்குது, 3ல கீழே, 6ல இடப்பக்கம், 9ல மேலே. இதுவும் ஒரு கடிகாரம்! இதோட முள் நீளம் 1.57. இதுவும் சரியா 60 வினாடிக்கு ஒரு சுற்று சுத்துது. இதோட நுனி ஒரு சுற்றுல போறது 6.28 × 1.57 = 9.86. 60 ஆல வகுத்தா 0.164. திசைவேக அம்போட நுனி நகர்ற வீதம் என்னது? முடுக்கம்! இப்போ சூத்திரத்துல போட்டுப் பாரு: 1.57ன் வர்க்கம் 2.46, 15 ஆல வகுத்தா அதே 0.164 செ.மீ./வி².

வர்க்கம் எங்கிருந்து வந்ததுன்னு தெரியுதா? முதல் கடிகாரத்துல ஆரம் சுத்துச்சு, வேகம் கிடைச்சுது. ரெண்டாவதுல வேகமே ஆரமாச் சுத்துச்சு, முடுக்கம் கிடைச்சுது. ஆரத்துல இருந்து வேகத்துக்குப் போக எதால பெருக்கினோமோ, வேகத்துல இருந்து முடுக்கத்துக்குப் போகவும் அதாலயே பெருக்கறோம். அந்த எண் வேகம் வகுத்தல் ஆரம், அதாவது கோணத் திசைவேகம்.

திசையும் இதுலயே வந்துடும். திசைவேக அம்பு இருப்பிட அம்பைவிட எப்பவும் கால் சுற்று முன்னாடி நிக்கும். முடுக்க அம்பு திசைவேக அம்பைவிட இன்னொரு கால் சுற்று முன்னாடி. ரெண்டு கால் சேர்ந்தா அரைச் சுற்று. இருப்பிட அம்பு மையத்துல இருந்து வெளியே பார்க்குது, முடுக்கம் அதுக்கு நேர் எதிர், மையத்தைப் பார்த்து. 'மிகச் சிறிய கோணம்' எதுவும் தேவைப்படல பார்.

இந்த ரெண்டாவது கடிகாரத்துக்கு 19ஆம் நூற்றாண்டுல அயர்லாந்துக் கணித மேதை ஹாமில்டன் 'ஹோடோகிராஃப்'னு பேர் வச்சார். அதுக்கு ரொம்ப முன்னாடி, 1659லயே, டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வேகத்தின் வர்க்கக் கணக்கைக் கண்டுபிடிச்சுட்டார். அச்சுல வந்தது 1673ல.

70வது வளைவு | திங்கள், இரவு 10:48

பாப்பா, நான் மலைப் பாதையில பஸ் ஓட்டறவன். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. அதுதான் என் பேரு. நீங்க பேசற அம்பு எனக்குத் தெரியாது, ஆனா நீ சொன்ன 15ன் அர்த்தம் தெரியும். அந்த டிரைவர் வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சு வேகத்தைக் கொண்டுவந்து, வளைவுக்குள்ள பிரேக் தொடாமத் திருப்பியிருப்பார். அதான் முள் அசையல. வளைவுக்குள்ள போயிட்டு பிரேக்கைத் தேடறவன் மலை ஓட்டக் கூடாது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். மழை நாள்ல இன்னும் குறைப்பேன். சும்மா ரெண்டு மூணு கூடினாலே வண்டி வேற மாதிரி பேசும். ஏன் அப்படின்னு உங்களை மாதிரி படிச்சவங்க சொன்னா நல்லாருக்கும்.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 6:20

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததில் மகிழ்ச்சி. நீங்கள் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது.

வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று கொள்வோம். 15 கி.மீ. என்பது வினாடிக்கு 4.17 மீட்டர். வர்க்கம் 17.4, அதை 12ஆல் வகுத்தால் முடுக்கம் 1.45 மீ/வி². மழைக்குருவி 50 கிலோ இருந்தால் அவளைத் திருப்ப 72 நியூட்டன் வேண்டும். ஏழு கிலோ அரிசிப் பையைத் தூக்கத் தேவையான அளவு. அந்த விசையை இருக்கையும் ஜன்னல் கம்பியும் கொடுத்தன. அதே வளைவில் 30ல் திருப்பினால்? இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு விசை. அரிசிப் பை முப்பது கிலோ ஆகிவிடும்.

பஸ்ஸைத் திருப்பும் விசை முழுவதும் டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்விலிருந்துதான் வர வேண்டும், வேறு எதுவும் வண்டியைப் பிடித்திருக்கவில்லை. டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண் உராய்வுக் குணகம்; அது காய்ந்த சாலையில் 0.7 என்றால் இந்த வளைவில் ஏறத்தாழ 33 கி.மீ.யில் டயர் வழுக்கும். ஈரத்தில் 0.4 என்றால் 25க்கு முன்பே. உயரமான பஸ்ஸும் சுமை ஏற்றிய லாரியும் வழுக்குவதற்கு முன்பே கவிழவும் கூடும்.

வளைவுக்குள் பிரேக் ஏன் கூடாது? உராய்வால் தரக்கூடிய மொத்த விசைக்கு ஓர் உச்சம் உண்டு. பிரேக் போடும்போது அதில் ஒரு பங்கு வேகத்தைக் குறைக்கச் செலவாகிறது. திருப்புவதற்கு மீதம்தான் கிடைக்கும். அது போதாவிட்டால் வண்டி நேராகப் போய்விடும். உங்கள் ஆசான் சொன்னது அதுதான்.

ஜன்னலோரம் | செவ்வாய், காலை 9:14

எல்லாரும் உள்பக்கமா இழுக்கற விசை, அதாவது மையநோக்கு விசைன்னே பேசறீங்க. ஆனா அந்தப் பொண்ணு வெளிப்பக்கமாத்தானே சாஞ்சுது? பையும் வெளியதானே நகர்ந்துச்சு? மையவிலக்கு விசைதான் தள்ளுச்சு. அதை ஏன் யாரும் சொல்லல?

பட்டறை | செவ்வாய், மதியம் 1:30

கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வச்சிருக்கேன். மையவிலக்கு பத்தி என் கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.

கை கிரைண்டர்ல நாலு இஞ்ச் டிஸ்க் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. விளிம்புல வேகம் வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல, அதாவது மணிக்கு 200 கி.மீ. தாண்டும். முடுக்கம் போட்டுப் பார்த்தா 66,000 மீ/வி²க்கு மேல வருது, புவியீர்ப்பைப் போல ஆறாயிரத்துச் சொச்சம் மடங்கு. விளிம்புல இருக்கற ஒரு கிராம் துகளைப் பிடிச்சு வைக்க, டிஸ்கோட பிசினும் வலையும் ஆறே முக்கால் கிலோ எடைக்குச் சமமா உள்ளே இழுத்தாகணும். வெட்டற டிஸ்க் மேல 15,300 சுற்று, 80 மீ/வின்னு அச்சடிச்சிருக்கும். அதுக்கு மேல போனா அது பிடிக்காது.

சில பேர் டிஸ்கை மூடியிருக்கற காப்பை (கார்டை) கழட்டிட்டு ஏழு இஞ்ச் டிஸ்கை நாலு இஞ்ச் மெஷின்ல மாட்டுவாங்க. சுற்று அதேதான், ஆரம் கூடினதுல விளிம்பு 100 மீ/வி தாண்டிடும். பல வருஷம் முன்னாடி நான் வேலை பழகின இடத்துல அப்படி ஒண்ணு வெடிச்சுது. மெஷினைப் பிடிச்சிருந்தவர் ஒதுங்கி நின்னதால தப்பிச்சார். துண்டு அவர் பக்கமும் வரல, மையத்துல இருந்து நேரா வெளியேயும் பாயல. உடைஞ்ச கணத்துல விளிம்பு எந்தப் பக்கம் ஓடிட்டிருந்துச்சோ அந்தக் கோட்டுலயே மேல போய்க் கூரை ஷீட்டைப் பிளந்துச்சு. அந்த ஓட்டையை அடைக்கற வரைக்கும் அண்ணாந்து பார்த்துட்டே இருந்தேன்.

வெளியே தள்ளற விசை ஒண்ணு இருந்திருந்தா, பிடி விட்டதும் துண்டு ஆரத்தோட வழியில பாய்ஞ்சிருக்கணும். பாயல. உள்ளே இழுத்த பிடி போச்சு, அது தன் வழியில நேராப் போச்சு. அதான் டிஸ்க் சுத்தற நேர்க்கோட்டுல நிக்காதேன்னு பசங்ககிட்டச் சொல்றேன். பக்கவாட்டுல நில்லு.

சாக்பீஸ் | செவ்வாய், மாலை 6:02

பட்டறைக்காரர் சொன்னது தரையில் நின்று பார்ப்பவரின் கணக்கு. ஜன்னலோரம், உங்கள் கேள்வியும் நியாயமானது. சாலையோர மரத்தில் ஏறி உட்கார்ந்து பஸ்ஸைப் பாருங்கள். பை நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் அதற்கடியில் திரும்புகிறது. பை வெளியே தள்ளப்படவில்லை, ஜன்னல்தான் பையை நோக்கி வருகிறது. ஜன்னல் அவள் தோளை அழுத்தியது எந்தப் பக்கம்? உள்பக்கம்.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸே அசையாதது என்று வைத்துக் கணக்குப் போட்டால் மையவிலக்கு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பை நகர்ந்ததற்குக் கணக்கு வராது. அப்போது அதை எழுதுவது தவறல்ல. ஒரே படத்தில் மரத்திலும் பஸ்ஸிலும் உட்கார்ந்து, மையநோக்கும் மையவிலக்கும் சமன் என்று எழுதுவதுதான் தவறு. விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்திய பிழை அதுதான். சமமாக இருந்தால் நிகர விசை சுழி, பஸ் திரும்பவே திரும்பாது.

மழைக்குருவி | செவ்வாய், இரவு 8:33

சார், அப்படின்னா நிலாவை பூமி உள்ளே மட்டும்தானே இழுக்குது? ஏன் விழல? அப்புறம், இழுத்துக்கிட்டே இருந்தா வேகமாவது கூடணுமே?

வடமராட்சியான் | செவ்வாய், இரவு 10:15

தங்கச்சி, நிலா விழுந்துகொண்டுதான் இருக்கு. ஒரு செக்கனில அது ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட முன்னுக்குப் போகுது. அதே செக்கனில பூமிப் பக்கம் 1.4 மில்லிமீற்றர் மட்டும் விழுகுது. அந்த 1.4 மில்லிமீற்றர் இல்லாட்டில் அது நேர்கோட்டில போய்விடும். விழுகிற அளவும் பாதை வளைகிற அளவும் ஒண்டுதான். அதாலதான் கிட்ட வாறதும் இல்லை, தூரப் போறதும் இல்லை.

நியூட்டன் இதைத்தான் சரிபார்த்தவர். நிலா பூமியின்ர ஆரையைப் போல 60 மடங்கு தூரத்தில இருக்கு. ஈர்ப்பு தூரத்தின்ர வர்க்கத்துக்கு ஏற்பக் குறையுது எண்டால் 9.8ஐ 3,600 ஆல பிரிக்க வேணும். 0.0027 வரும். நிலாவின்ர கதியின்ர வர்க்கத்தை அதின்ர பாதையின்ர ஆரையால பிரிச்சாலும் அதே 0.0027தான் வரும். மரத்தில இருந்து விழுகிற பழமும் நிலாவும் ஒரே சட்டத்துக்குக் கீழ எண்டு காட்டின கணக்கு இது. எனக்கு இண்டைக்கும் இதைப் போட்டுப் பார்க்கேக்க மெய் சிலிர்க்கும்.

கதி ஏன் கூடேல்லை எண்டு கேட்டனீங்கள். இழுவை எப்பவும் ஓட்டத்துக்குச் செங்குத்து. செங்குத்தா இழுத்தால் திருப்பலாம், முடுக்கி விட ஏலாது. நிலாவின்ர பாதை கொஞ்சம் நீள்வட்டம், அதால உண்மையில அதின்ர கதி சிறிது கூடிக் குறையும். அந்த இடங்களில இழுவை முழுச் செங்குத்து இல்லை.

ஜன்னலோரம் | புதன், காலை 7:20

சாக்பீஸ் ஐயாவுக்கு நன்றி. மரத்துல உட்கார்ந்து பார்த்தா புரியுது.

'முடுக்கி விட ஏலாது'ன்னு அண்ணன் எழுதினதைப் படிச்சப்போ ஒண்ணு தோணுச்சு. மாட்டை முடுக்கறது, ஆளை முடுக்கறதுன்னு சொல்லிச் சொல்லி, முடுக்கம்னா விரட்டறதுன்னே மனசுல பதிஞ்சிருக்கு. ஆனா 'மூலைமுடுக்கு'ங்கறப்போ முடுக்கு மூலைதானே? எங்க ஊர்ல சந்துக்கே முடுக்குன்னுதான் பேரு. அந்த முடுக்கையும் சேர்த்து நினைச்சுக்கிட்டா இந்தப் பாடம் எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்.

மழைக்குருவி | வியாழன், மாலை 5:45

இன்னைக்குத் தெருவுல சாணை பிடிக்கிறவர் வந்தார். அம்மாகிட்ட அரிவாள்மனையை வாங்கிட்டுப் போய் நின்னு பார்த்தேன். சைக்கிள் பெடல் மாதிரி மிதிச்சார். அரிவாள்மனை கல்லைத் தொட்ட இடத்துல இருந்து பொறி ஒரே கோடா, கல்லைத் தொட்டுக்கிட்டுப் போற மாதிரி போச்சு. மையத்துல இருந்து வெளிய வரல! கொஞ்சம் மேல வச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன், வச்சார். பொறி போற பக்கமும் திரும்பிடுச்சு. பட்டறை அண்ணா சொன்ன கூரை ஓட்டைதான் ஞாபகம் வந்துச்சு. நான் பக்கவாட்டுலதான் நின்னேன்.

ஒரே ஒரு கேள்வி. அவர் மிதிக்க ஆரம்பிச்சப்போ கல்லோட வேகம் கூடிக்கிட்டே இருந்துச்சு. அப்போ முடுக்கம் மையத்தை மட்டும் பார்த்துட்டு இருக்க முடியாதுதானே?

சாக்பீஸ் | வியாழன், இரவு 7:10

இருக்க முடியாது. அப்போது இரண்டு பங்கு உண்டு. திருப்பும் பங்கு மையத்தைப் பார்க்கும், வேகத்தைக் கூட்டும் பங்கு பொறி பறந்த கோட்டின் வழியே இருக்கும். இரண்டும் செங்குத்து. ஒன்று 4, இன்னொன்று 3 மீ/வி² என்றால் மொத்த முடுக்கம் 5. அந்த அம்பு மையத்துக்கு நேராக இல்லாமல் ஓடும் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிற்கும். அவர் மிதிப்பதை நிறுத்திக் கல் தளரும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று வரைந்து நாளைக்கு இங்கே எழுது.